தானத்தில் போன கோப்பை

செல்வமலரின் புருஷன் குடித்த கோப்பை, அவர் செத்த முப்பத்தோராம் நாள் மத்தியானம், ஒரு கறுப்புக் கொரோலாக் காரின் பின்பெட்டியில் ஏறிப் போனது. கோப்பைக்கு இடப்பக்கம் ஒரு புதுக் குடை, வலப்பக்கம் ஒரு சோடிச் செருப்பு, மேலே ஒரு தலையணை. காரை ஓட்டியவர் பிரணவன் குருக்கள். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் அந்தியேட்டிச் சடங்கு நடந்த மண்டபத்துக்கு வெளியே, பனி கரைந்து தெருவெல்லாம் சாம்பல் நிறக் கூழாகக் கிடந்தது. கார் அதற்குள்ளால் மெல்ல ஊர்ந்து, சிவப்பு விளக்கில் கொஞ்சம் நின்று, பிறகு போய்விட்டது.

யன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்வமலருக்கு, ஓடிப்போய் அந்தக் காரின் கண்ணாடியில் தட்டியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. ஆனால் அந்தியேட்டி முடிந்த கையோடு ஒரு பெண் குருக்களின் காருக்குப் பின்னால் ஓடினாள் என்ற கதை, அவள் மூச்சு வாங்கி முடிக்கும் முன்பே ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கிருந்து லண்டனுக்குப் போகும்போது அவள் காரின் கூரையில் ஏறி உட்கார்ந்திருப்பாள். ஆகையால் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

இத்தனைக்கும் அது பெரிய பெறுமதியான பொருள் இல்லை. தங்கமில்லை, வெள்ளியில்லை, பித்தளைகூட இல்லை. ஜப்பானில் யாரோ ஒருவர் கையால் செய்து, கல்லைப் போல இறுகச் சுட்ட மண் கோப்பை. பச்சைத் தேநீர் குடிப்பதற்கென்றே செய்வது. பிடி கிடையாது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தொட்டால் காய்ந்த மணலைப் போலச் சொரசொரக்கும். உள்ளே பூசிய மெருகு சாம்பலும் பச்சையுமாக விளிம்பைத் தாண்டி வழிந்து, வெளியே பாதி வழி இறங்கி, களைத்துப்போனதுபோல நின்றிருக்கும். அதற்குக் கீழே வெறும் மண். செய்தவர் அதை மெருகுக் குழம்பில் தோய்த்தபோது பிடித்திருந்த விரல்களின் அடையாளம் ஒரு பக்கத்தில் வெளிறிக் கிடக்கும். புருஷன் இரவிச்சந்திரனின் பெருவிரல் போய் உட்காருவது அந்த வெளிறிய இடத்தில்தான். வேறு எந்தப் பாத்திரமும் அவர் கையில் நிற்காத காலத்தில் இது ஒன்றுதான் நின்றது.

அந்தக் கை ஒரு காலத்தில் எப்பேர்ப்பட்ட கை என்பதைத் துறைமுகத்துப் பண்டகசாலையில் வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இரவிச்சந்திரன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அதன் இரும்புக் கவை நுனியால் ஒரு முட்டையைத் தூக்கி, கீறல் விழாமல், மனேச்சரின் தொப்பிக்குள் வைத்தார் என்று அங்கே ஒரு கதை இன்னும் உலாவுகிறது. முட்டை அவித்ததா பச்சையா என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு. செல்வமலர் ஜான்-டலோன் சந்தையில் ஒரு இத்தாலியனின் மரக்கறிக் கடையில் நின்றாள். தர்ப்பூசணியைத் தட்டிப் பார்த்தே அதற்குள் எத்தனை விதை என்று சொல்லிவிடுவாள் என்று அந்த இத்தாலியன் வாடிக்கையாளர்களிடம் புளுகுவான்; அவளும் கூச்சப்படாமல் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவைப்பாள். எண்ணிப் பார்க்க யாருக்கு நேரமிருக்கிறது? அவர் கிழக்கே துறைமுகத்துக்கு, அவள் வடக்கே சந்தைக்கு. ஒருவர் வரும்போது மற்றவர் சப்பாத்து மாட்டிக்கொண்டிருப்பார். மகள் துஷாந்தினியை வளர்த்தது, வீட்டு வாடகை கட்டியது, ஊரில் இருந்தவர்களைக் கரை சேர்த்தது எல்லாம் அந்தக் கதவடியில் வைத்துப் பேசி முடித்த பேச்சுகளில்தான்.

இருவரும் ஓய்வு பெற்று, ஒரே மேசையில் ஒரே நேரத்தில் தேத்தண்ணி குடிக்கலாம் என்று உட்கார்ந்த வருடம், அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது.

முதலில் கரண்டி கோப்பையில் தாளம் போட்டது. "சங்கீதம் பழகிறன்" என்றார். பிறகு இடது கையும் பழகத் தொடங்கியது. டாக்குத்தர் நோய்க்குப் பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார். "பார்க் எக்ஸ்டென்ஷனில இருந்தா வேற என்ன வரும்?" என்று இரவிச்சந்திரன் அதற்கும் ஒரு பகிடி விட்டார். ஆனால் கலியாண வீடுகளில் தேத்தண்ணித் தட்டு வரும்போது விரதம் என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த வருடம் அவர் பிடித்த விரதங்களைப் பார்த்தால் எந்தக் கடவுளும் நேரே வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

செல்வமலர் மருந்துக்கடைக்குப் போய், மூடியும் மூக்கும் வைத்த ஒரு பிளாஸ்ரிக் கப்பை வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்னடியப்பா இது?"

"இதில குடியுங்கோ. சிந்தாது. மூக்குப்பேணி எண்டு நினையுங்கோவன். உங்கட வீட்டிலயும் இருந்ததுதானே."

"மூக்குப்பேணியில அண்ணாந்து குடிச்சனாங்கள். இதைச் சூப்பிறதெல்லோ. நான் என்ன பால்குடியோ?"

"இப்ப உங்களை ஆர் பாக்கினம்?"

"நீ பாக்கிறாய்தானே."

அன்றோடு தேத்தண்ணியை விட்டுவிட்டார். அவர் விட்டதால் அவளும் குளியலறைக்குள் நின்று ஒளித்துக் குடித்தாள். ஒளித்துக் குடிக்கிறாள் என்பது அவருக்கும் தெரியும். வீடு அப்படிக் கொஞ்சக் காலம் நடந்தது.

கோப்பை வந்தது ஆஸ்பத்திரியில் நடந்த தேகப்பயிற்சி வகுப்பால். கை நடுங்குகிறவர்களையெல்லாம் வட்டமாக இருத்திப் பந்து எறிய வைப்பார்கள். அங்கே இரவிச்சந்திரனுக்குப் பக்கத்துக் கதிரையில் மொறிமோட்டோ என்ற ஜப்பான்காரர். முன்பு பூக்கடை வைத்திருந்தவர். இரவிச்சந்திரனுக்குத் தெரிந்த பிரெஞ்சு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போதுமானது. மொறிமோட்டோவுக்குத் தெரிந்தது பூ விற்கப் போதுமானது. இரண்டையும் சேர்த்து இருவரும் தங்கள் முழு வாழ்க்கையையும் பேசி முடித்தார்கள். வகுப்பு இடைவேளையில் மற்றவர்கள் காகிதக் கப்பை நசுக்கிக்கொண்டிருக்க, மொறிமோட்டோ மட்டும் ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்துத் தன் கோப்பையை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடிப்பார். இரவிச்சந்திரன் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்த பார்வையை அந்த மனிதர் விளங்கிக்கொண்டார். மகள் ஜப்பானுக்குப் போய்த் திரும்பியபோது ஒரு சோடிக் கோப்பை வாங்கி வரச்செய்து கையில் கொடுத்தார். பெரியது புருஷனுக்கு, சின்னது பெண்சாதிக்கு. அங்கே அப்படிச் சோடியாகத்தான் விற்பார்களாம்.

"எனக்கு ஏன் சின்னன்?" என்று செல்வமலர் சண்டைக்கு நின்றாள். "நான் என்ன உங்களைவிடக் குறைவா உழைச்சனானோ?"

"நீ கதைச்சு முடிக்க ஆறிப்போடும். அதுதான் கொஞ்சமா ஊத்தத் தந்திருக்கினம்."

தேயிலையும் கூட வந்தது. பச்சைத் தேயிலை. பாலும் சீனியும் போட்டுச் சாயம் கறுக்கக் கறுக்கக் குடித்துப் பழகிய வாய்க்கு அது எப்படி இருக்கும்? "வைக்கல் கழுவின தண்ணி" என்றாள் செல்வமலர். "மாட்டுக்கு வைச்சாலும் முகத்தைத் திருப்பும்." ஆனால் மொறிமோட்டோ சொன்ன முறைப்படியே செய்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, பிறகுதான் இலையில் ஊற்ற வேண்டும். கோப்பையின் விளிம்புவரை வார்க்கக் கூடாது. கை தாங்காத சூடு நாக்குக்கும் ஆகாது. கை தாங்கினால் குடிக்கலாம். பிடி இல்லாத கோப்பைக்கு அதுதான் கணக்கு.

இரவிச்சந்திரன் இரண்டு கையாலும் எடுத்தார். மண் கோப்பைக்கு ஒரு பாரம் இருந்தது. வலது கை நடுங்கிக்கொண்டு வந்து கோப்பையின் ஒரு பக்கத்தைப் பிடித்தது. இடது கை நடுங்கிக்கொண்டு வந்து மறுபக்கத்தைப் பிடித்தது. இரண்டு நடுக்கமும் நடுவில் அந்தப் பாரத்தை வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அடங்கின. செல்வமலர் துடைக்கிற துணியோடு தயாராக நின்றாள். துணிக்கு வேலை வரவில்லை.

"கசக்குது" என்றார் அடிவரை குடித்துவிட்டு. "இன்னும் கொஞ்சம் வார்."

அதற்குப் பிறகு அவருக்கு விரதமே இல்லை. கலியாண மண்டபத்தில் ஊர் முழுக்கக் காகிதக் கப்பில் குடிக்க, இவர் மட்டும் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுக்கிறவனைப் போலக் கோப்பையை எடுத்து மேசையில் வைப்பார். காலையில் வீட்டில் பெரியதும் சின்னதும் எதிரெதிரே இருக்கும். அவள் வைக்கல் தண்ணி என்று திட்டிக்கொண்டே குடிப்பாள். முப்பது வருடம் கதவடியில் பேசியவர்களுக்கு அந்த மேசையில் பேச ஒன்றும் இல்லாமல் போன காலைகளும் உண்டு. சும்மா இருந்து குடிப்பார்கள். வாழ்க்கையில் அவளுக்குப் பிடித்த நேரம் அதுதான் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

போன தைமாதக் குளிரில் அவருக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கோப்பையும் போனது. பிறகு அவருக்கு விழுங்க முடியாமல் போயிற்று. குடிக்க முடியாத அந்த நாட்களில் செல்வமலர் கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுப்பாள். பிடித்துக்கொண்டு படுத்திருப்பார். ஆறிப்போனால் துஷாந்தினி எழுந்து போய்த் தண்ணீரை மாற்றிக்கொண்டு வருவாள். ஒரு நாள் தண்ணீர் ஆறுவதற்கு முன் கை ஆறிவிட்டது.

ஆண்பிள்ளை இல்லாதபடியால் கடமை செய்தவன் அவருடைய தம்பி மகன் மதுஷன். அந்தியேட்டிக்கு வேண்டிய சாமான்களை அடுக்குகிற பொறுப்பைத் துஷாந்தினி தானாகவே எடுத்துக்கொண்டாள். இங்கேயே பிறந்தவள், லாவாலில் பல் வைத்தியரிடம் வேலை. கோபம் வந்தால் பிரெஞ்சு வரும். குருக்களுக்குப் போன் எடுத்துக் கேட்டுக் கேட்டு, குடை, செருப்பு, பாய், தலையணை, வேட்டி, அரிசி, மரக்கறி என்று ஒன்று விடாமல் கொண்டுவந்து பரப்பியிருந்தாள். செத்தவர் போகிற வழிக்கு வேண்டியதையெல்லாம் குருக்களுக்குத் தானமாகக் கொடுத்தால் அது அவருக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. குடிக்கப் பாத்திரமும் வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரு புது எவர்சில்வர் பேணி வைப்பார்கள்.

பெண்களோடு சுவரோரம் இருந்த செல்வமலர், மதுஷன் கையில் தர்ப்பையோடு தண்ணீரை வார்க்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள். வாழைக்காய்க்கும் பூசணிக்கும் நடுவில் அந்தக் கோப்பை.

அவள் பாதி எழும்பினாள். வாய் திறந்தது. பக்கத்தில் இருந்த மச்சாள் மாக்கிரட், மயங்கி விழப்போகிறாள் என்று நினைத்துத் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"இரு மச்சாள், இரு. ஆராவது இவவுக்குச் சோடா கொண்டு வாங்கோ!"

சோடா வருவதற்குள் தண்ணீர் விழுந்துவிட்டது. நீர் வார்த்துக் கொடுத்தது கொடுத்ததுதான். அதைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் உலகத்தில் இல்லை.

வீட்டுக்குப் போகும்போது காரில் துஷாந்தினி கேட்டாள்: "அம்மா, எல்லாம் சரியாச் செய்தனானோ?"

செல்வமலர் வெளியே பார்த்தபடி, "ஓம்" என்றாள்.

அதுதான் அவள் மகளுக்குக் கொடுத்த கடைசி முழுப் பதில். அதன் பிறகு போன் வந்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்", "இல்லை", "சாப்பிட்டன்." மகள் ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கிக்கொண்டு வந்தால் இவள் தலையிடி என்று படுத்துக்கொள்வாள். ஏனம்மா என்று கேட்டால், ஒண்டுமில்லை. யாழ்ப்பாணத்து ஆட்கள் கதைக்காமல் விடுகிற கோபத்துக்கு முன்னால் மொன்றியல் குளிர்காலம் வெறும் மார்கழிப் பனி. மனதுக்குள் மட்டும் ஓயாமல் பேசினாள். அப்பா பாவித்த பாத்திரம் ஒன்று என்று ஐயர் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பார். இந்தப் பிள்ளை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த மூளையோடு அதை அப்படியே செய்துபோட்டுது. பதிலாக ஒரு பேணி வைக்க அதற்குத் தெரியவில்லையே. ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லையே.

சின்னக் கோப்பை தட்டில் தனியே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

கடைசியில், சித்திரை பிறந்து பனியெல்லாம் ஓடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜான்-டலோன் தெருவில் உள்ள தமிழ்க் கடையில் ஒரு புதுப் பேணி வாங்கினாள். கண்ணாடிபோல மினுங்கும் பேணி. அதைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, சென்ட் லோரன்டுக்கு பஸ் எடுத்தாள். குருக்கள் வீட்டுக்குப் போய், வருடத் திவசத்தைப் பற்றிக் கேட்கிற சாட்டில் உட்கார்ந்திருந்து, கோப்பை எங்கே இருக்கிறது என்று பார்த்து, மாற்றி வைத்துவிட்டு வருவது திட்டம். அறுபத்து மூன்று வயதில் முதல் களவு. அதுவும் கோயில் ஐயர் வீட்டில்.

கதவைத் திறந்தவள் குருக்களின் மனைவி சாருஜா.

"வாங்கோ அம்மா. உந்தக் குடையளைத் தள்ளிப்போட்டு வாங்கோ."

உள்ளே நடைவழி முழுக்கக் குடைகள். உறை பிரிக்காத பாய்கள். தலையணைகள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. மொன்றியலில் இத்தனை தமிழர் இருந்தார்களா என்று நினைக்க வைக்கிற அளவுக்குச் செருப்பு.

"குறை நினைக்காதேங்கோ. ஆருக்கும் குடுத்தாலும் குறையுதில்லை" என்றாள் சாருஜா. "இந்த வீட்டுக்குக் கூரை இல்லாட்டியும் நாங்கள் நனைய மாட்டம். அவர் வெளிக்கிடுறார், இருங்கோ. ஒரு தேத்தண்ணி போடுறன்."

தேட வேண்டிய அவசியமே வரவில்லை. கோப்பை வாசலடி மேசையில் இருந்தது. அதற்குள் கார்த் திறப்பு, தெருவோரம் கார் நிறுத்தப் போடுகிற சில்லறை, ஒரு இருமல் மிட்டாய், யாருடையதோ ஒரு பொத்தான். செல்வமலருக்கு அழுகை வரவில்லை. சாருஜா குசினிக்குள் போன நேரத்தில் பையைத் திறந்தாள். கோப்பைக்குள் இருந்ததையெல்லாம் பேணிக்குள் கவிழ்த்தாள். கோவில் மணிபோலச் சத்தம் போட்டது பாழாய்ப்போன பேணி. கோப்பையைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போது நடுங்கியது அவளுடைய கை.

குருக்கள் வேட்டிக்கு மேல் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். இளம் வயசுக்காரர். "வாங்கோ அம்மா, சுகமோ?" என்று கேட்டுக்கொண்டே மேசையைத் தடவினார்.

"சாருஜா, என்ர திறப்பெங்க?"

"கோப்பைக்குள்ள!"

"கோப்பை எங்க?"

"வாசல் மேசையில!"

குருக்கள் பேணியை எடுத்துப் பார்த்தார். உள்ளே திறப்பு. "இஞ்ச பாரும், மண் கோப்பை சில்வரா மாறிக் கிடக்கு."

"உங்கட மந்திரம் இப்பத்தான் வேலை செய்யத் தொடங்கியிருக்கு" என்றது குசினி.

அவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். செல்வமலரைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த பையைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. திறப்பைக் கையில் வைத்தபடியே எதிர்க் கதிரையில் இருந்தார்.

"நீங்கள் இரவிச்சந்திரன் ஐயாவின்ர வீட்டுக்காரி எல்லோ?"

"ஓம்." ஒளிக்க அவளுக்குத் தெரியவில்லை. "களவெடுக்கத்தான் ஐயா வந்தனான். குடுத்த தானத்தைத் திருப்பி எடுக்கிறவை நரகத்துக்குப் போவினம் எண்டு தெரியும். பறவாயில்லை, அங்கயும் எங்கட சனம் இருக்கும்."

"அம்மா..."

"என்ர பிள்ளையில பிழையில்லை. அது இஞ்ச பிறந்தது, ஒண்டும் தெரியாது. பாவிச்ச பாத்திரம் எண்டு நீங்கள் சொல்ல, அதுக்கு உள்ளதைத் தூக்கி வைச்சிட்டுது. நான் அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை. நீங்களும் சொல்லாதேங்கோ."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே, அம்மா."

செல்வமலர் நிமிர்ந்தாள்.

"புதுப் பேணி ஒண்டு காணும் எண்டுதான் சொன்னனான்" என்றார் குருக்கள். "எல்லாரும் அதுதான் வைக்கிறவை. பிள்ளை பேந்தும் போன் எடுத்தவா. வைக்கிற சாமான் உண்மையாவே அப்பாவிட்டப் போய்ச் சேருமோ எண்டு கேட்டவா. அந்த நம்பிக்கையிலதான் குடுக்கிறம் எண்டன். அப்ப பேணி வேண்டாம் எண்டுட்டா. அப்பாவுக்குப் பேணி பிடிக்க ஏலாது, கை நடுங்கும், எல்லாம் சிந்திப்போடும், ஒரு கோப்பைதான் அவற்ர கையில நிக்கும் எண்டு சொன்னவா."



"கொம்மாவுக்கும் அது வேணுமே பிள்ளை எண்டு நான் கேட்டனான். கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. லைன் கட்டாயிட்டுது எண்டு நினைச்சன். பேந்து சொன்னவா: அம்மாவிட்ட நான் இருக்கிறன், அப்பாவிட்ட அங்க ஒருத்தரும் இல்லை எண்டு."

செல்வமலர் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் அன்றைக்கு மகள் காய்கறிக்கு நடுவில் அந்தக் கோப்பையை வைத்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. அந்த முகத்தை அவள் பார்க்கவேயில்லை, கோப்பையைத்தான் பார்த்தாள்.

"கொண்டு போங்கோ அம்மா" என்றார் குருக்கள் மெல்ல. "நான் கண்டனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பேணியும் கிடக்குத்தானே."

அவள் துவாயைப் பிரித்துக் கோப்பையை வெளியே எடுத்தாள். அவ்வளவு நாளும் அது குருக்கள் வீட்டில் இருப்பதாகத்தான் நினைத்திருந்தாள். இப்போது அதைப் பார்க்க, வேறெங்கோ ஒரு மேசையில், கோட்டும் போடாமல், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இருக்கிற மனிதனிடமிருந்து பிடுங்கி எடுத்ததுபோல இருந்தது. முன்னால் ஒரு மினுங்கல் பேணியை வைத்து, இதில குடியுங்கோ, இப்ப உங்களை ஆர் பாக்கினம் என்று இன்னொரு தரம் சொல்வதுபோல இருந்தது.

"வேண்டாம்" என்றாள். "திறப்பைப் பேணிக்குள்ள போடுங்கோ. இதில நீங்கள் குடிக்கோணும். சும்மா கிடந்தா அவருக்குப் போய்ச் சேராது."

"ஓம், குடிக்கிறன்."

"இப்ப குடியுங்கோ. நான் பாக்கோணும்."

"அம்மா, லாவாலில ஒரு செத்தவீட்டு எட்டுச் செலவு, நேரம் போகுது..."

"செத்தவர் எங்க ஐயா போகப்போறார்? இருங்கோ."

குசினியில் அவளே கோப்பையைக் கழுவினாள். சில்லறையின் இரும்பு மணம் போகும்வரை கழுவினாள். பச்சைத் தேயிலை யாரோ கொடுத்தது ஒரு பெட்டி கிடக்கிறது என்று சாருஜா தேடி எடுத்துத் தந்தாள். தண்ணீர் கொதித்தது. அதை அப்படியே ஆறவிட்டு மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருக்கள் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றாம் தரம் செல்வமலர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

அவர் ஒரு கையால், விளிம்பில் மூன்று விரல் வைத்து, ஒரு சிரமமும் இல்லாமல் தூக்கினார். கோப்பை ஆடவேயில்லை. எந்தக் கோப்பையையும் எவரும் தூக்குவதுபோலத்தான் தூக்கினார். செல்வமலர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவு இலேசான காரியமா அது! கண்ணீர் அப்போதுதான் வந்தது. துடைக்காமல் நின்றாள், அவர் அடிவரை குடித்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைக்கும்வரை.

"கசக்குது அம்மா" என்றார் அந்தப் பாவப்பட்ட மனிதர்.

"ஓம் ஐயா, கசக்கும்" என்றாள்.

கீழே இறங்கி பஸ் தரிப்பில் நின்றபோது காற்று துறைமுகப் பக்கமிருந்து அடித்தது. வெறும் பை தோளில் பறந்தது. அவள் போனை எடுத்தாள். எடுக்காமல் விட்ட மகளுடைய அழைப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. அதில் ஒன்றைத் தொட்டாள். மணி ஒரு தரம் அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள் துஷாந்தினி.

"அம்மா? சா வா? சுகமோ? என்ன அம்மா, என்ன நடந்தது?"

செல்வமலர் போனைக் காதோடு அமுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, கதையுங்கோ."

"கொப்பா குடிச்சிட்டார், பிள்ளை."

பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. அவள் ஏறவில்லை. சாரதி கொஞ்சம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அது போன பிறகுதான் மகளின் குரல் வந்தது. மிகச் சின்னக் குரல்.

"சுடேல்லையே?"

"இல்லையடா. ஆறவிட்டுத்தான் குடுத்தனான்."